தனக்குத்தானே தைரியம் சொன்ன சக்கரவர்த்தி

கி.பி. 121-ல் ரோமில் பிறந்த மார்க்கஸ் அரேலியஸ், 161-ல் சக்கரவர்த்தியானார். சுகமான பதவியா? இல்லை. கொள்ளைநோய் வந்தது, டான்யூப் நதிக்கரையில் வருஷக்கணக்காகப் போர், பெற்ற பிள்ளைகளில் பலர் சிறு வயதிலேயே இறந்தனர்.

தட்டிக்கொடுக்க அவருக்கு மேலே யார் இருக்கிறார்கள்? போர் முகாமில் உட்கார்ந்து, தனக்குத்தானே கிரேக்க மொழியில் எழுதிக்கொண்டார். காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே தன்னோடு வாதாடியிருக்கிறார்! தன்னை ஆஹா ஓஹோவென்று புகழவில்லை. கடமையை நினைவூட்டி அதட்டினார். அதே புத்திமதி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு தடவை சொன்னால் மனசு கேட்காதே! 180-ல், போர் முடியும் முன்பே காலமானார்.

தம்பி தங்கைகளுக்கு அரியர்ஸ் கவலை. எங்களுக்கு சைட்டில் நெருக்கடி. நேற்று சொல்லிக்கொண்ட தைரியம் இன்று கரைந்துவிட்டதா? வெட்கப்பட ஒன்றுமில்லை. மறுபடி சொல்லிக்கொள்வோம்.