சார்லஸ் பாபேஜ்

இங்கிலாந்து நாட்டில் 1791ஆம் ஆண்டில் பிறந்தவர் சார்லஸ் பாபேஜ். அக்காலத்துக் கடலோடிகளும் வானநூலாரும் கணித அட்டவணைகளையே நம்பியிருந்தனர். அவற்றை மனிதர் கையால் கணக்கிட்டமையால் பிழைகள் மலிந்தன. ஒரு பிழை கப்பலையே திசை மாற்றிவிடக்கூடும். 1821ஆம் ஆண்டில், நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் அத்தகைய அட்டவணைகளைச் சரிபார்த்த பாபேஜ், சலிப்பு மிக்க இவ்வேலையைப் பொறியிடமே ஒப்படைக்கத் துணிந்தார். பற்சக்கரங்கள் சுழன்று, கூட்டல் ஒன்றினாலேயே அட்டவணை முழுவதையும் கணக்கிடும் பொறியை வகுத்தார். அரசினர் ஏறத்தாழ 17,000 பவுன் செலவிட்டனர். ஆயினும் பணி நிறைவேறவில்லை. 1842இல் அரசின் உதவியும் நின்றது.

இதற்கிடையில், அப்பொறியைப் பற்றிப் படித்தறிந்த சுவீடன் நாட்டு ஜார்ஜ் ஷாய்ட்ஸ் என்பார், தம் மைந்தர் எட்வர்டுடன் சேர்ந்து அதனையொத்த பொறி ஒன்றை 1853இல் செய்து முடித்தார். தாம் எய்தாத வெற்றியைப் பிறர் எய்தக் கண்டால் பொறாமை எழுதல் உலக இயல்பு. பாபேஜோ மனமுவந்து அதனை வரவேற்றார். அதன் சிறப்பை அறிஞர்க்கு எடுத்துரைத்தார். 1855இல் பாரிஸ் கண்காட்சியில் அப்பொறி தங்கப் பதக்கம் பெற்றது.

பாபேஜ் 1871இல் மறைந்தார். அவர் வரைந்து வைத்த மற்றொரு பொறியை இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் 1991இல் உருவாக்கினர். அது பிழையின்றிக் கணக்கிட்டது. அவருடைய அறிவைப் போலவே அவருடைய பெருந்தன்மையும் மாணவர் போற்றிக் கொள்ளத்தக்கது.