ஆல்ஃபிரட் வாலஸும் மலாய் இளைஞர் அலியும்

1852 ஆகஸ்ட் 6. அட்லாண்டிக் கடலின் நடுவே ஹெலன் என்ற கப்பல் தீப்பற்றி எரிந்தது. உயிர் தப்பிப் படகில் ஏறியவர்களில் ஒருவர் 29 வயதான ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அமேசான் காடுகளில் நான்கு ஆண்டுகள் அலைந்து, தனக்கென்று சேர்த்து வைத்திருந்த பூச்சிகளும் பறவைகளும் அவர் கண்முன்னே சாம்பலாயின. முந்தைய ஆண்டுதான் அவருடைய தம்பி ஹெர்பர்ட்டை மஞ்சள் காய்ச்சல் பலிகொண்டிருந்தது. பத்து நாட்கள் கடலில் தத்தளித்த பிறகே வேறொரு கப்பல் அவர்களை மீட்டது.

வாலஸ் 1823-இல் வேல்ஸில் பிறந்தவர். வீட்டில் வசதியில்லாததால் சிறு வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, அண்ணனுடன் நில அளவை வேலைக்குப் போனார். அரிய பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து இங்கிலாந்தில் விற்பதே பின்னாளில் அவருக்குப் பிழைப்பானது. எல்லாம் எரிந்துபோன பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1854-இல் சிங்கப்பூர் வந்து இறங்கினார். அடுத்த எட்டு ஆண்டுகள் மலாய்த் தீவுகளிலேயே கழிந்தன.

சரவாக்கில் அலி என்ற மலாய் முஸ்லிம் இளைஞர் அவரிடம் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். விரைவிலேயே பறவைகளைச் சுடவும், தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டு வாலஸின் வலக்கரமாகிவிட்டார். வாலஸ் கொண்டுவந்த உயிரினங்கள் மொத்தம் 1,25,660. அவற்றில் 83,200 வண்டுகள். அலியின் உழைப்பு இல்லாமல் இத்தனை பெரிய சேகரிப்பு சாத்தியமாகியிருக்காது.

எந்த உயிரினம் எந்த இடத்தில் கிடைத்தது என்பதை வாலஸ் கவனமாகக் குறித்து வைத்தார். இந்தக் குறிப்புகளே அவருக்கு வழிகாட்டின. ஒன்றுக்கொன்று நெருங்கிய இனங்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து நிலங்களிலேயே வாழ்வதை அவர் கண்டார். எனவே ஒவ்வொரு புதிய இனமும், அதே பகுதியில் முன்பே வாழ்ந்த நெருங்கிய இனம் ஒன்றைத் தொடர்ந்தே தோன்றுகிறது என்று 1855-இல் சரவாக்கிலிருந்து எழுதினார். பாலிக்கும் லொம்போக்கிற்கும் இடையே குறுகிய நீரிணைதான் உண்டு. ஆனால் இருபுறமும் பறவைகள் வெகுவாக வேறுபட்டன. ஆசிய உயிரினங்களையும் ஆஸ்திரேலிய உயிரினங்களையும் பிரிக்கும் அந்த எல்லைக்கு இன்றும் வாலஸ் கோடு என்றே பெயர்.

இனங்கள் எப்படி மாறுகின்றன என்ற கேள்விக்கு 1858-இல் காய்ச்சலில் படுத்திருந்தபோது விடை கிடைத்தது. சூழலுக்குப் பொருந்தியவை பிழைக்கின்றன, மற்றவை மறைகின்றன என்பதே அது. அதைக் கட்டுரையாக எழுதி, தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பினார். டார்வினோ அதே கருத்தை இருபது ஆண்டுகளாக வெளியிடாமல் வைத்திருந்தார். ஜூலை 1 அன்று இருவரின் எழுத்துகளும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. முன்கூட்டி வாலஸின் சம்மதம் கேட்கப்படவில்லை. ஆனாலும் அவர் மனக்கசப்பு கொள்ளவில்லை. பின்னாளில் தம் நூல் ஒன்றுக்கு டார்வினின் பெயரையே சூட்டினார்.

எனினும் எல்லாவற்றிலும் அவர் டார்வினோடு ஒத்துப்போகவில்லை. மனித அறிவை இயற்கைத் தேர்வு மட்டும் விளக்கிவிடாது, அதற்கு மேலான ஓர் அறிவின் பங்கு உண்டு என்பது வாலஸின் நிலைப்பாடு. டார்வின் அதை ஏற்கவில்லை.

1862-இல் சிங்கப்பூரில் அலியிடம் விடைபெற்றபோது, பணமும் இரண்டு துப்பாக்கிகளும் கொடுத்து, அவரைப் புகைப்படம் எடுக்கவும் வைத்தார் வாலஸ். 1907-இல் தெர்னாத்தேக்கு வந்த அமெரிக்க ஆய்வாளர் ஒருவரிடம் முதியவர் ஒருவர் வந்து, தம்மை அலி வாலஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். வாலஸ் 1913-இல் மறைந்தார். அவர் பெயரைச் சொல்லும்போது, அந்தப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட அலியையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.