கற்களைப் படித்தவர்: இராபர்ட் புரூஸ் பூட்

நுழையும்முன்

திருத்தணி, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு ஆகிய ஊர்களில் வாழ்வோர்க்கு நகரி மலை நாள்தோறும் கண்ணில் படுவது. அம்மலையின் அடியில் கருங்கல் சரிந்து கிடக்கும். உச்சியில் வேறொரு பாறை மதில்போலச் செங்குத்தாய் எழுந்து நிற்கும். அவ்வுச்சிப் பாறையின் இனத்தைச் சேர்ந்த கல் ஒன்றே இந்திய மனிதனின் தொன்மையை உலகுக்கு உணர்த்தியது. கனிம வளம் தேடுவதற்காகப் பணியமர்த்தப்பட்ட நிலவியலார் ஒருவர், தம் கடமைக்குள் அடங்காத அந்தக் கல்லையும் குனிந்து எடுத்துப் பார்த்தார். அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பணியும் காலமும்

இராபர்ட் புரூஸ் பூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டன்காம் நகரில் பிறந்தார். 1858ஆம் ஆண்டில், தம் இருபத்து நான்காம் அகவையில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

அத்துறை தாமஸ் ஓல்டுகாம் என்பாரின் தலைமையில் 1851ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. நீராவிக் கப்பல்களும் புகைவண்டிகளும் பெருகிவந்த காலம் அது. அவற்றை இயக்க நிலக்கரி வேண்டும். பாலங்களுக்கும் தண்டவாளங்களுக்கும் இரும்பு வேண்டும். தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பகுதிக்கு ஓடியது. எந்த நிலத்தின் அடியில் எந்தப் பாறை உள்ளது, அதனால் பெறத்தக்க பயன் யாது என்று கண்டறிந்து வரைபடம் ஆக்குவதே நிலவியலாரின் கடமை. ஆங்கில அரசுக்கு அது வருவாய் தேடும் பணி என்பதை நாம் மறத்தலாகாது.

அப்பணி எளியதன்று. குளிரும் மிதவெயிலும் உள்ள மாதங்களில் கூடாரத்தோடு ஊர்ஊராய்ச் செல்லவேண்டும். மலைச்சரிவு, ஓடைக்கரை, கிணறு வெட்டிய பள்ளம் என எங்கெல்லாம் நிலத்தின் உட்புறம் வெளியே தெரிகின்றதோ அங்கெல்லாம் நின்று பார்க்கவேண்டும். எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு கிடக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்பது நிலவியலின் அடிப்படை விதி. எனவே ஒரு கல் எது என்பதைவிட, அது எங்கே, எந்த அடுக்கில் இருந்தது என்பதே முதன்மையான வினா. இந்தப் பயிற்சி பூட்டின் வாழ்நாள் முழுவதும் துணைநின்றது.

தமிழகத்தில் அவருடைய தொடக்கக்காலப் பணி சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு பகுதிகளில் நிகழ்ந்தது. வில்லியம் கிங் என்னும் நிலவியலாரோடு இணைந்து அவர் எழுதிய அறிக்கை 1864ஆம் ஆண்டில் வெளிவந்தது. கஞ்சமலை முதலிய சேலத்து மலைகளில் உள்ள காந்த இரும்புத்தாதுப் படிவுகளை அவ்வறிக்கை விரிவாக விளக்கியது.

பூட்டின் இல்வாழ்க்கைக்கும் தமிழோடு தொடர்புண்டு. அவர் மணந்த எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றியவர்.

பல்லாவரத்துக் கல்

1859ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிவுலகில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் படுகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு சேர்ந்து கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்று இங்கிலாந்தின் அறிஞர்கள் ஒப்புக்கொண்டனர். மனிதனின் வரலாறு சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடங்கும் என்ற நம்பிக்கை தளர்ந்தது. இச்செய்தியை அறிந்த பூட், இந்திய மண்ணிலும் அத்தகைய கருவிகள் இருக்கக்கூடும் என்று எண்ணினார். பாறைகளைப் பார்க்கும் கண்ணோடு இந்த எண்ணமும் சேர்ந்துகொண்டது.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். சென்னைக்கு அருகில் உள்ள பல்லாவரத்தில் சரளைக்கல் எடுப்பதற்காகத் தோண்டிய குழி ஒன்றின் அருகே, வெளியே கொட்டப்பட்ட கற்குவியலைப் பூட் ஆராய்ந்தார். அதில் குவார்ட்சைட் என்னும் கடினமான படிகக் கல்லால் ஆன ஒரு துண்டு இருந்தது. வெயிலாலும் மழையாலும் இயல்பாக உடைந்த கல் அன்று அது. கை வேலைப்பாடு உடையது என்பதை அவர் உணர்ந்தார். சாலைக்கும் கட்டடத்திற்கும் சரளை வேண்டி ஆயிரக்கணக்கான கற்கள் வாரிச் செல்லப்பட்ட இடத்தில், ஒரு கல்லின் விளிம்பில் மனிதக் கையின் தடம் அவருக்குத் தெரிந்தது.

ஆயினும் அவர் அத்துடன் நிறைவடையவில்லை. அக்கல் குழியிலிருந்து வெளியே எறியப்பட்ட குவியலில் கிடைத்தது. அது எந்த அடுக்கில் புதைந்திருந்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. இடம் தெரியாத கல்லால் காலத்தைச் சொல்ல இயலாது. எனவே தேடல் தொடர்ந்தது.

அதிரம்பாக்கம்

நான்கு மாதங்கள் கழித்து, 1863 செப்டம்பர் 28ஆம் நாள், பூட்டும் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அதிரம்பாக்கத்தை அடைந்தனர். பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதிகளைக் கடந்து பூண்டி நோக்கிச் செல்லும் கொசத்தலையாற்றை ஒட்டிய சிற்றூர் அது. அங்கே ஓடை ஒன்று நிலத்தை அரித்து, மண்ணடுக்குகளைச் சுவர்போல் வெளிக்காட்டியிருந்தது. அச்சுவரின் சரளை அடுக்கிலேயே கற்கருவிகள் பதிந்திருந்தன. பல்லாவரத்தில் கிடைக்காத சான்று இங்கே கிடைத்தது.

கைக்கோடரிகளும் வெட்டுக்கருவிகளும் அங்கு மிகுதியாய்க் கிடைத்தன. அவற்றுக்குரிய கல் எங்கிருந்து வந்தது? நிலவியலாராகிய பூட்டுக்கு இவ்வினா இன்றியமையாதது. நகரி மலைத்தொடரின் படிகப் பாறைகள் பன்னெடுங்காலம் சிதைந்து உருண்டு, அல்லிக்குழி மலையில் உருள்கற்கள் திரண்ட பாறையாய் இறுகின. அப்பாறையும் சிதைய, அவ்வுருள்கற்கள் ஓடைகளின் வழியே பரவின. கையில் அடங்கும் அளவும் உடைத்தால் கூர்மை தரும் உறுதியும் உடைய அக்கற்களைத் தொல்மனிதர் தேர்ந்தெடுத்தனர். கல் உள்ள இடத்தில் மனிதர் தங்கினர். நிலத்தின் அமைப்புக்கும் மனித வாழ்வுக்கும் உள்ள உறவை விளக்க இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தம் கண்டுபிடிப்புகளை 1866ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்த ஆய்விதழில் பூட் விரிவாக எழுதினார். 1868ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்விச் நகரில் கூடிய பன்னாட்டுத் தொல்லியல் மாநாட்டிலும் தென்னிந்தியக் கற்கருவிகளை அறிமுகம் செய்தார். பாலாற்றுக்கு வடக்கே சென்னை, வடஆர்க்காடு மாவட்டங்களில் அமைந்த நிலப்பகுதியின் நிலவியலை விளக்கும் அவரது அறிக்கை 1873ஆம் ஆண்டில் வெளிவந்தது. திருப்பெரும்புதூர்ப் பகுதியின் பழந்தாவரப் புதைபடிவங்கள் பற்றிய செய்திகளும் அதில் இடம்பெற்றன.

அவருடைய கருத்துகள் அனைத்தும் நிலைபெற்றுவிடவில்லை. கருவிகள் கிடைத்த செம்புரைக்கல் படிவுகள் கடலடியில் உருவானவை என்று அவர் கருதினார். பின்வந்த ஆய்வாளர்கள் அதனை ஏற்கவில்லை. ஆயினும், கண்ட இடத்தையும் அடுக்கையும் அவர் தெளிவாகக் குறித்து வைத்தமையால், அவரது முடிவை மறுப்போரும் அவரது குறிப்புகளையே துணைக்கொள்ள முடிந்தது.

பொன்னும் இரும்பும்

கற்கருவிகளுக்காகப் பூட் தம் அலுவற்பணியைக் கைவிடவில்லை. தார்வார் மாவட்டத்தின் தம்பல் குன்றுகளில் பொன் கலந்த பாறைகளை ஆராய்ந்து 1874ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். 1882ஆம் ஆண்டில் மைசூர் நாட்டின் பொன்வயல்கள் சிலவற்றைப் பற்றி எழுதினார். இவ்வாய்வுகளின் பயனாக, தென்னிந்தியாவில் பொன் எங்கும் சிதறிக் கிடக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு பாறைத் தொகுதியிலேயே அது பெரிதும் செறிந்துள்ளது என்பதை அவர் கண்டார். பழைமையான கருங்கல் நிலத்தின் நடுவே நீண்ட பட்டைகளாய்க் கிடக்கும் அத்தொகுதிக்குத் தார்வார் தொகுதி என்று பெயரிட்டார். கோலார் தங்கவயலும் அவ்வகைப் பாறைப் பட்டையிலேயே அமைந்துள்ளது. பொன் தேடுவோர் எங்கே தேடவேண்டும் என்பதோடு, எங்கே தேடவேண்டியதில்லை என்பதையும் இவ்வாய்வு புலப்படுத்தியது. இந்திய நிலவியல் நூல்களில் தார்வார் என்னும் அப்பெயர் இன்றும் வழங்குகிறது.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை 1883ஆம் ஆண்டிலும், பெல்லாரி மாவட்டத்தின் நிலவியலை 1895ஆம் ஆண்டிலும் நூலாக்கினார். பெல்லாரியை அடுத்த சந்தூர் மலைகளின் இரும்புத்தாது வளத்தை எடுத்துரைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

இப்பயணங்கள் ஒவ்வொன்றிலும் அவர் மனிதத் தடங்களையும் தேடினார். நெல்லைச் சீமையின் செம்மணல் தேரியில், சாயர்புரத்துக்கு அருகே, சிறுகற்கருவிகளைச் சேகரித்தார். கர்நூல் பகுதியின் பில்லசுர்க்கம் குகைகளில் 1883 முதல் 1885 வரை அகழாய்வு நடைபெற்றது. அவருடைய மகன் என்றி புரூஸ் பூட் அப்பணியில் பெரும்பங்கு ஏற்றார். பழங்கால விலங்குகளின் எலும்புகள் அங்கே பெருந்தொகையாய்க் கிடைத்தன. பெல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகள் எரிந்த மாட்டுச் சாணத்தால் ஆனவை என்று பூட் கருதினார். அவை புதிய கற்கால மக்களின் மாட்டுத் தொழுவங்களோடு தொடர்புடையவை என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் உறுதிசெய்தன.

ஏற்காட்டில் இறுதிக்காலம்

முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றிய பூட் 1891ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். அதன்பின் பரோடா அரசின் நிலவியலாராக விளங்கினார். 1894ஆம் ஆண்டில் மைசூர் அரசு தனியே தொடங்கிய நிலவியல் துறைக்கும் தலைமையேற்றார். பின்னர்ச் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில் தங்கினார். அவருடைய மாமனார் பெர்சிவல் 1882ஆம் ஆண்டில் மறைந்ததும் அவ்வூரிலேயே.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் திரட்டிய கருவிகளும் மட்கலங்களும் நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைச் சேர்ந்தவை. அத்தொகுப்பை 1904ஆம் ஆண்டில் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்குப் பெற்றது. தாம் திரட்டியவற்றை ஒப்படைத்ததோடு அவர் ஓயவில்லை. ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில், எந்நிலையில் கிடைத்தது என்பதை விளக்கும் அட்டவணையை முதுமையிலும் உருவாக்கினார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் அகவையில், கொல்கத்தாவில் காலமானார். அவரது அத்தி ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் உழைத்த அட்டவணை 1914, 1916ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அச்சேறியது. அச்சான நூலைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

நிலைத்த பயன்

பூட்டின் காலத்தில் ஒரு கற்கருவியின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்லும் முறைகள் இல்லை. அதிரம்பாக்கத்து அடுக்குகள் அவருக்குப் பின்னும் மண்ணுக்குள் காத்திருந்தன. சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் 1999ஆம் ஆண்டு முதல் அங்கே அகழாய்வு நடத்தினர். அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் தொன்மையுடையவை என்று 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர். அவ்விடத்தின் இடைப்பழங்கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆப்பிரிக்காவுக்கு வெளியே மனித இனத்தின் பரவலை ஆராய்வோர் இன்று திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைத் தவிர்த்துவிட்டு எழுத இயலாது.

இந்த முடிவுகளுக்கு அடிப்படை, அடுக்குகள் கலையாமல் இருந்தமையே. சரளைக் குழி தோண்டியதால்தான் பல்லாவரத்துக் கல் வெளிப்பட்டது. ஆனால் அதே குழிதான் அக்கல்லின் இடத்தையும் அழித்தது. இன்று எந்திரங்கள் ஒரே நாளில் ஒரு குன்றின் சரளையை வாரிவிடுகின்றன. கல்லும் மண்ணும் வீட்டுக்கும் சாலைக்கும் தேவைதான். எனினும் எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கலாகாது என்பதை முன்னரே ஆராய்ந்து முடிவு செய்யாவிடில், படிக்கப்படாத ஏடுகள் அடுப்பில் எரிந்த கதையே மண்ணுக்கும் நேரும்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பூட் திரட்டிய கருவிகளைக் காணலாம். பூண்டியிலும் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று உள்ளது. வயலிலோ ஓடையிலோ விளிம்பு செதுக்கப்பட்ட கல்லை நாம் காண நேர்ந்தால் அதைப் பெயர்த்து எடுத்து வருதல் தகாது. இருந்த இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தலே முறை. பூட் தம் குறிப்பேடுகளில் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்த ஒழுக்கமும் அதுவே.