ஜனிஸ் ஜொப்ளினும் பொபி மக்கீயும்

ரெக்சாஸின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நகரான போர்ட் ஆர்தரில் 1943 இல் பிறந்தவர் ஜனிஸ் ஜொப்ளின். ஊர் அவரைக் கேலி செய்தது. சான் பிரான்சிஸ்கோ கொண்டாடியது.

'மீ அன்ட் பொபி மக்கீ' அவர் எழுதிய பாட்டல்ல. பிரெட் பொஸ்டர் தலைப்பைக் கொடுக்க, கிறிஸ் கிறிஸ்டோபர்சன் எழுதினார். அந்தத் தலைப்புக்காகவே பொஸ்டரின் பெயரும் பாட்டில் ஏறியது. 1969 இல் ரொஜர் மில்லர் அதைக் கன்ட்ரி பாணியில் பாடினார். அதில் பொபி ஒரு பெண். ஜனிஸ் அவளை ஆணாக்கி, கிற்றாருடன் அமைதியாகத் தொடங்கி, கடைசியில் சொற்களே இல்லாத கூச்சலாக வெடிக்கிறார். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான்.

பதிவு முடிந்து சில நாட்களில், 1970 ஒக்டோபர் 4 அன்று, ஹொலிவூட் விடுதியறையொன்றில் ஹெரோயின் அவரைக் கொன்றது. வயது 27. கிறிஸ்டோபர்சன் அந்தப் பதிவை அதன் பிறகுதான் கேட்டார். 1971 மார்ச்சில் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இறந்தவர் பாட்டு அந்த இடத்துக்கு வந்தது, ஒட்டிஸ் ரெடிங்குக்குப் பின் இரண்டாவது தடவை.

கணக்காளன் கண்ணுக்கு இன்னொன்றும் படுகிறது. அமெரிக்க வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவர்களுக்குத்தான் உரிமைத்தொகை; பாடியவருக்கு ஒரு சதமும் இல்லை. தலைப்புத் தந்தவருக்கு உண்டு, உயிரைக் கொடுத்துப் பாடியவருக்கு இல்லை.

ஜனிஸ் தன் உயிலில் நண்பர்களின் விருந்துக்கென 2500 டொலர் ஒதுக்கியிருந்தார். அந்த ஒக்டோபரிலேயே விருந்து நடந்தது. பாட்டு அப்போது வெளிவந்திருக்கவில்லை.