உயிர் காக்கும் நாடா தந்த நீல்ஸ் போலின்

தேர் எவ்வளவு பெரிதாயினும் அச்சாணி கழன்றால் நிலைக்கு வந்து சேராது. அதுபோலவே காரில் செல்வோரின் உயிர், பல வேளைகளில் மூன்று விரல் அகலமுள்ள ஒரு நாடாவையும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பூட்டையும் நம்பியிருக்கிறது. சீட் பெல்ட் என்று நாம் வழங்கும் அந்தப் பட்டைக்கு இன்றைய வடிவம் தந்தவர் நீல்ஸ் போலின். அவரது வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம்.

போலின் 1920ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் சுவீடன் நாட்டின் ஹார்னோசாண்ட் நகரில் பிறந்தார். அவ்வூரிலேயே இயந்திரப் பொறியியல் பயின்று 1939இல் பட்டயம் பெற்றார். 1942இல் சாப் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். ஆபத்து நேரத்தில் விமானியை இருக்கையோடு வெளியே வீசிக் காப்பாற்றும் அமைப்பை உருவாக்குவதில் ஈடுபட்டார். மனித உடல் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதை அங்கே அவர் நன்கு அறிந்துகொண்டார்.

1958இல் வால்வோ கார் நிறுவனம் அவரைப் பாதுகாப்புப் பொறியாளராக அமர்த்தியது. அந்நாளில் சில கார்களில் இடுப்பை மட்டும் சுற்றும் பட்டை இருந்தது. அதன் பூட்டோ வயிற்றின் மேல் அமைந்திருந்தது. கார் மோதியதும் மேலுடல் முன்னே வீசப்படும்; பட்டையே வயிற்றின் உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும். விமானிகள் பல பட்டைகளைப் பொறுமையாக மாட்டிக்கொள்வார்கள். ஆனால் பொதுமக்கள் சிறு தொல்லையையும் பொறுக்கமாட்டார்கள் என்பதைப் போலின் உணர்ந்தார். ஆகவே, ஒரே கையால் பூட்டக்கூடிய எளிய பட்டையை அமைத்தார். மார்பின் குறுக்கே ஒரு பகுதி, இடுப்பின் குறுக்கே ஒரு பகுதி. இரண்டும் இடுப்பின் பக்கத்தில், தாழ்வான ஓரிடத்தில் கூடும். இதனால் மோதலின் விசை மென்மையான வயிற்றில் விழாமல், உறுதியான இடுப்பெலும்பிலும் மார்புக்கூட்டிலும் பரவியது.

1959 ஆகஸ்ட் 13 அன்று இப்பட்டை பொருத்திய முதல் கார் விற்பனையானது. 1962இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. எனினும் வால்வோ அதைத் தனக்கென்று பூட்டி வைக்காமல், மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள விட்டுக்கொடுத்தது. இலாபத்தினும் உயிர் பெரிதன்றோ!

மக்கள் இதை உடனே ஏற்கவில்லை. போலின் சோர்ந்துவிடவில்லை. சுமார் 28,000 விபத்துகளின் விவரங்களைத் திரட்டி 1967இல் வெளியிட்டார். பட்டை அணியாதோர் குறைந்த வேகத்திலும் இறந்திருந்தனர். அணிந்தோரில் மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே ஒருவரும் இறக்கவில்லை.

பின்வந்த பொறியாளர்கள் இதனோடு மேலும் பல சிற்றுறுப்புகளைச் சேர்த்தனர். பட்டை சுருளும் பெட்டிக்குள் பல வண்டிகளில் ஓர் எஃகுக் குண்டு உண்டு. கார் திடீரென நின்றால் அது உருண்டு ஒரு சிறு நெம்பைத் தூக்கும். நெம்பின் முனை பற்சக்கரத்தில் மாட்டும். பட்டை மேலும் நீளாமல் நின்றுவிடும். நாடா நைந்திருந்தாலோ, முறுக்கிக் கிடந்தாலோ, பூட்டில் சரியாக மாட்டாவிட்டாலோ இத்தனை ஏற்பாடும் பயன் தராது.

1985இல் ஓய்வு பெற்ற போலின், 2002 செப்டம்பர் 21 அன்று மறைந்தார்.

பாப்பாரப்பட்டியில் வாழும் நமக்கு இவர் அந்நியர் அல்லர். சேலம் செல்லும்போது தொப்பூர் கணவாயில் இறங்குகிறோம். அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காத லாரிகளால் நேர்ந்த விபத்துகளை நாம் அறிவோம். பட்டை அணியாதவருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஆயினும் நம்மில் பலர் காவலரைக் கண்டால்தான் பட்டையைத் தேடுகிறோம். பின்னிருக்கையில் அமர்ந்தால் அந்த நினைப்பே வருவதில்லை. பட்டை அணியாமல் பின்னால் இருப்பவர், மோதலின்போது முன்னிருக்கையில் உள்ள தம் தாய் தந்தையர் மீதே வீசப்படுவார் என்பதை எண்ணிப் பார்ப்போமா?

இனிக் காரில் ஏறியதும் நாம் முதலில் பூட்டிக்கொள்வோம்; பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அன்போடு நினைவூட்டுவோம். அந்தப் பொறியாளருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.