தோல் வணிகர், சமுதாயத் தலைவர்: காயிதே மில்லத் (ரஹ்)

குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர், செங்கல்பட்டு மாவட்டத்துக் குரோம்பேட்டை. கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் வாழ்ந்த ‘தயா மன்ஸில்’ இல்லம் அங்குதான் இருந்தது.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். தந்தை மௌலவி மியாகான் ராவுத்தர் சிறுவயதிலேயே வஃபாத்தாகிவிட, தாயாரின் அரவணைப்பில் மார்க்கக் கல்வி பெற்று வளர்ந்தார்கள். 1920இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பி.ஏ. படிப்பைக் கைவிட்டார்கள். பிறகு சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, வணிகர்களிடையே நன்மதிப்பைப் பெற்றார்கள்.

1946இல் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராகி, எதிர்க்கட்சித் தலைவராகப் பணியாற்றினார்கள். மறு ஆண்டே நாடு பிரிந்தது. முஸ்லிம்கள் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட காலம் அது. இனி நமக்கென்று ஓர் அரசியல் அமைப்பு தேவையா என்று சமுதாயத்திற்குள்ளேயே பலர் தயங்கினர். அந்த நெருக்கடியில்தான் 1948 மார்ச் 10 அன்று சென்னையில் கூட்டம் கூட்டி, இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை நிறுவினார்கள். இந்த மண்ணின் குடிமக்களாக, சட்டத்திற்கு உட்பட்டு உரிமை கேட்பதே அவர்கள் வகுத்த பாதை.

அரசியல் நிர்ணய சபையிலும் அதே பாதையில் நின்றார்கள். எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என 1948 நவம்பரில் திருத்தம் கொண்டுவந்தார்கள். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, தொன்மையும் வளமும் மிக்க தமிழுக்காக வாதாடினார்கள். இரண்டையும் சபை ஏற்கவில்லை. ஆயினும் அவர்கள் கோபித்து வெளியேறவில்லை. தீனையும் தாய்மொழியையும் ஒருசேர நேசிக்கலாம் என்பதை அந்த இரு வாதங்களும் நமக்குக் காட்டுகின்றன.

பின்னர் மாநிலங்களவையிலும், கேரளத்தின் மஞ்சேரி தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவையிலும் இடம்பெற்றார்கள். 1967 தேர்தலில் அறிஞர் அண்ணாவுடன் கூட்டணி அமைத்து, தமிழகத்தின் ஆட்சி மாற்றத்தில் பங்காற்றினார்கள். 1972 ஏப்ரல் 5 அன்று வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கையை எடுத்துச் சொல்வோம். வாக்கெடுப்பில் தோற்றாலும் அவையில் பேச வேண்டியதைப் பேசிய தலைவர் அவர்கள். அச்சத்தால் ஒதுங்குவதும் ஆத்திரத்தால் வரம்பு மீறுவதும் அவர்கள் காட்டிய வழியல்ல.

வல்ல அல்லாஹ் அன்னாரின் சேவைகளை ஏற்று, பிழைகளைப் பொறுத்து, ஜன்னத்துல் ஃபிர்தவ்ஸை வழங்குவானாக. ஆமீன்.