புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

கீரப்பாளையத்தில் ஒருவர் மூச்சுத் திணறி வீழ்வாராயின், உற்றார் அவரைச் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டு விரைவர். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளியின் நாடித்துடிப்பும், இரத்த அழுத்தமும், உயிர்வளியின் அளவும் கோடுகளாகவும் எண்களாகவும் திரையில் ஓடக் காண்கிறோம். மருத்துவர் அவற்றை நோக்கி, அடுத்துச் செய்யத்தக்கது இன்னதெனத் துணிகின்றார். நோயாளரைப் பற்றிய கணக்கைக் கண்ணுக்குப் புலனாக்கி உயிர்காக்கும் நெறிக்கு வழிகாட்டியோருள் ஒருவர் நைட்டிங்கேல் அம்மையார். அவர்தம் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடியிற் பிறந்தார். செவிலியர் தொழில் இழிவெனக் கருதப்பட்ட காலம் அது. பெற்றோர் தடுத்தும் அவர் உறுதி தளர்ந்திலர்.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையை அடைந்தார். அவர் விளக்கேந்தி இரவில் நோயாளரைக் கண்டுவந்ததை உலகறியும். ஆயினும் சாவு குறைந்திலது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டமும் அமைத்தனர்; ஜூனில் அத்தொகை நூற்றுக்கு 2 ஆயிற்று.

போர் முடிந்து நாடு திரும்பிய அம்மையார், வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞரின் துணையுடன் கணக்குகளை ஆராய்ந்தார். வீரருட் பெரும்பாலோரைக் கொன்றது பகைவர் குண்டன்று, தடுக்கத்தக்க நோயே என்பதும், தாம் பணிபுரிந்த மருத்துவமனையின் தூய்மைக் கேடே அதனைப் பெருக்கியது என்பதும் விளங்கின. தமக்கும் கசப்பான அவ்வுண்மையை அவர் மறைத்திலர். 1858இல், மாதத்திற்கு ஒரு கூறாகப் பன்னிரு கூறுடைய வட்டப்படம் வரைந்து, நோய்ச்சாவை நீலத்தாலும், காயச்சாவைச் சிவப்பாலும், பிறவற்றைக் கறுப்பாலும் காட்டினார். நீண்ட அட்டவணைகளைப் படிக்கப் பொறுமையற்றோர்க்கும் நீலத்தின் மிகுதி கண்ணில் உறைத்தது.

இந்தியாவிற்கு அவர் வந்திலர். எனினும் இந்நாட்டுப் படைவீடுகள் விடுத்த அறிக்கைகளை ஆராய்ந்து, 1863இல் வெளிவந்த அரசுக் குழுவின் அறிக்கைக்குத் துணைபுரிந்தார். ஆயிரத்துக்கு 69 ஆக இருந்த ஆங்கிலப் படையினரின் சாவு, 1873இல் 18 ஆகக் குறைந்ததென அவரே கணக்குக் காட்டினார். 1910 ஆகஸ்டு 13ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவ நண்பர்காள்! கணக்கைத் திரட்டுதல் மட்டும் நோயாளிக்கு உதவாது. முடிவு செய்வோர் உரிய காலத்தில் உணருமாறு அதனைக் காட்டல் வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓயாது ஒலிக்கும் எச்சரிக்கை மணிகளுக்கிடையே, உண்மை அபாயத்தைக் கூறும் மணி செவியில் ஏறாது போதலும் உண்டு. ஆகலின் வேண்டுவதைத் தெளிவாகவும், நமக்குக் கசப்பாயினும் மறையாமலும் காட்டுதல் நம் கடன். அம்மையார் ஏந்திய விளக்கைப் போற்றும் நாம், அவர் வரைந்த படத்தையும் மறவாதிருப்போமாக.